ஏழு சிடிக்குள் ஒரு கோப்பு

வழியனுப்பு நாளில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்ததும் எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொன்னேன். கேக்கை வெட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இத்தனை வருடம் திட்டு வாங்கியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக இப்போது எழுதித் தருகிறேன். அறிவுரை என்று பயப்பட வேண்டாம். நான் செய்த ஒரு முட்டாள்தனத்தின் கதைதான். மேலாளர் அசடு வழிந்த கதை என்றால் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு உங்களில் ஒருவர் ஒரு சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று அது முறைத்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு வரி தட்டினார். அந்தக் கோப்பு எந்த பேக்கேஜுக்குள் இருக்கிறது என்று உடனே பதில் வந்தது. "ச்சே, அரை நிமிஷம் போச்சு" என்று சலித்துக்கொண்டார். நான் பின்னால் நின்று சிரித்ததை அவர் பார்க்கவில்லை. அந்த அரை நிமிட வேலைக்கு எனக்குக் கொல்லிமலையில் ஒரு முழுப் பகல் ஆயிற்று.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வைகாசி மாதம். அப்போது நான் மலையடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. அவருக்குக் கம்ப்யூட்டர் பாதி தெரியும், மனிதர்களை முழுதாகத் தெரியும். மலைமேல் செம்மேட்டில் எங்களுக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர், அங்குள்ள விவசாயிகள் சங்கம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், கரகரவென்று சத்தம் போடும் ஒரு பிரிண்டர். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தோம். லினக்ஸ் அப்போது ஏழு சிடியாக வரும். மலை டெலிபோனில் பேச்சே அறுந்து அறுந்துதான் கேட்கும், அதில் இன்டர்நெட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. எது வேண்டுமானாலும் அந்த ஏழு சிடிக்குள்தான் தேட வேண்டும்.

சங்கத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டவள் சாந்தி. மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், வாய்க்கு மட்டும் வயது அதிகம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; ஒரு வருடம் முழுக்க நாடு நாடாக நடந்து, எந்த வீட்டில் என்ன விதை வைத்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வந்திருந்தாள். சாமை, தினை, கேழ்வரகு, நெல், அதிலும் ஒவ்வொன்றிலும் எத்தனையோ ரகம். ஒரு வீட்டில் விதை கெட்டுப்போனால் இன்னொரு வீட்டில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் இந்தக் கணக்கெடுப்பு. ஒரு கல்லூரி மாணவர் அதற்கென்று சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார், சாந்தி அதை 'வெதப் பொட்டி' என்பாள். விதையின் பெயரைத் தட்டினால் அது இருக்கும் வீடுகளைச் சொல்லும். நோட்டில் இருந்த அத்தனையையும் சாந்தி ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதில் ஏற்றியிருந்தாள்.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன். அதற்கு முந்தைய மாதம் நான் சர்வீஸுக்குப் போனபோது டிஸ்க்கில் இடம் நிரம்பியிருந்தது. வேண்டாததை நீக்கலாம் என்று பேக்கேஜ் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேக்கேஜ் என்பது ஒரு பொட்டலம், உள்ளே பத்துக் கோப்பும் இருக்கும், ஐந்நூறும் இருக்கும். ஒரு பேக்கேஜின் விவரத்தில் 'பழைய புரோகிராம்களுக்காக' என்று எழுதியிருந்தது. பழசுதானே என்று தூக்கியெறிந்தேன். வேறு ஏதாவது பேக்கேஜ் அதை நம்பியிருந்தால் சிஸ்டம் எச்சரித்திருக்கும், எச்சரிக்கவில்லை. அதனால் நிம்மதியாகக் கைகழுவிவிட்டு, சாந்தி கொடுத்த பலாச்சுளையைத் தின்றுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த மாணவரின் புரோகிராம் பேக்கேஜாக வராமல் கையால் நகலெடுத்து வைக்கப்பட்டது. அது எதை நம்பியிருக்கிறது என்று சிஸ்டத்துக்கே தெரியாது. புறப்படுமுன் அதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வைகாசியில் மழை இறங்கியதும் போன் வந்தது. "ஏனுங்கக்கா, வெதப் பொட்டி தொறக்க மாட்டேங்குதுங்க. ஏதோ ஃபைலு இல்லேங்குது. இங்க ஒருத்தரு வந்து உக்காந்திருக்காருங்க, ரொம்ப அவசரமுங்க" என்றாள் சாந்தி. ஏழு சிடியையும் டிபன் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அந்த மலைப்பாதையின் வளைவுகளைப் பற்றிச் சொல்ல மாட்டேன். போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்கள் வெறும் வயிற்றோடு போய்ப் பார்க்கவும்.

அறைக்குள் உட்கார்ந்திருந்தவர் பெயர் சடையன். குண்டனி நாட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். தலையில் கட்டிய துண்டைக் கழற்றாமல், பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி விதைச் சாமை முழுக்க நனைந்து முளைத்துவிட்டது. அது கட்டவெட்டி சாமை. அவருடையது சரிவான கல்லுக்காடு, மற்ற ரகம் எதைப் போட்டாலும் அங்கே நிற்காது என்றார். உழவு மாட்டை அவர்கள் ஊரில் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் ஓட்டுவார்கள். மறுநாள் அவர் முறை.

"நாளைக்கு மாடு வருதுங்க அம்மிணி. உட்டா அப்பறம் ஊரு பூரா ஓட்டி முடிச்சுத்தான் நம்ம காட்டுக்கு வரும். அதுக்குள்ளார ஈரம் ஓடிப்போயிருமுங்க. இந்த வருசம் காடு சும்மாதான் கெடக்கோணும்" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாமென்று இருந்திருக்கும்.

திரையைப் பார்த்தேன். 'லிப்டிபி' என்று ஒரு பெயர், கடைசியில் புள்ளி வைத்து மூன்று. அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று இருந்தது. ஒரு மணி நேர வேலை என்று தெம்பாகச் சொன்னேன். நம் தொழிலில் இதைச் சொல்லாமல் யாரும் சட்டைக் கையை மடிப்பதில்லை.

போன மாதம் நான் எதையோ நீக்கியது நினைவுக்கே வரவில்லை, ஊகிக்கத் தொடங்கினேன். கோப்பின் பெயரில் 'டிபி' இருக்கிறது, ஆகவே பெயரில் 'டிபி' உள்ள பேக்கேஜில்தான் இருக்க வேண்டும். முதல் சிடியில் அப்படி ஒன்று இருந்தது, போட்டேன், அதற்குள் இல்லை. இரண்டாவதில் ஒன்று, அதிலும் இல்லை. மூன்றாவது சிடியில் ஒரு கீறல்; டிரைவ் கதறியது. நாலாவது சிடி வரை ஒவ்வொன்றாக மாற்றி, பெயர் ஒத்துப்போன ஒவ்வொரு பேக்கேஜாகப் பிரித்துப் பார்த்து மதியம் ஆகிவிட்டது. சாந்தி சும்மா இருக்காமல் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கட்டவெட்டியைத் தேட ஆரம்பித்திருந்தாள். மொத்தம் பதினாலு நோட்டு, எல்லாம் வீட்டு வரிசையில் எழுதியது. சடையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, நடுவில் எழுந்துபோய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தார். தன் காடு தரிசாகக் கிடக்கப்போகிறது, இந்த மனிதர் எனக்கு டீ வாங்கித் தருகிறாரே என்று வெட்கமாக இருந்தது.

வெட்கத்தில் மனிதர் செய்யும் வேலை உருப்படாது. நானும் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தேன். மூன்று என்று முடியும் கோப்புதானே இல்லை, நாலு என்று முடியும் புதுக் கோப்பு மெஷினில் இருந்தது. அதற்கே மூன்று என்று ஒரு பொய்ப் பெயர் வைத்துவிட்டேன். புரோகிராம் ஏமாந்தது. ஜன்னல் திறந்தது. சாந்தி கைதட்டினாள். சடையன் எழுந்து நின்றார்.

திரையில் 'மொத்தப் பதிவுகள்' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

சாந்தியின் கை அப்படியே நின்றது. "அக்கா, ஒரு வருசமுங்க" என்றாள். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு எதிரிலிருந்த போன் பூத்துக்கு ஓடினேன்.

பாய் முழுதும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏம்மா, அதுக்கப்புறம் எதையாச்சும் தொட்டியா?" என்றார்.

"இல்லைங்க பாய்."

"தொடாதே. சேவ் பண்ணாதே. மூடிட்டு, அந்த டேட்டா ஃபைலு எவ்வளவு பெருசு இருக்குன்னு பாரு. பெருசா இருந்தா உள்ளே எல்லாம் பத்திரமா இருக்குன்னு அர்த்தம், படிக்கத்தான் தெரியலை. முதல்ல ஃப்ளாப்பியில ஒரு காப்பி எடு. அப்புறம் அந்தப் பொய்ப் பேரை எடுத்துரு."

"எந்த பேக்கேஜுல இருக்குன்னு உங்களுக்குத் தெரியுங்களா பாய்?"

"எனக்கும் தெரியாது" என்றார் சந்தோஷமாக. "ஆனா ஒண்ணு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வெச்சுக்கிட்டுத்தானே இத்தனை நேரம் ஓட்டியிருக்கே? அதை விட்டுட்டுப் போய் ஒரு டீ குடி."

அப்போது அவர்மேல் எனக்குக் கோபமாக வந்தது. பிறகு நானே முதலாளி இடத்தில் உட்கார்ந்து, பதறிப்போன பிள்ளைகளின் போனை எடுக்கத் தொடங்கியபோதுதான், 'எனக்கும் தெரியாது' என்று கூச்சமில்லாமல் சொல்வது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. நீங்களும் சொல்லிப் பழகுங்கள். நான் தாமதமாகத்தான் பழகினேன்.

திரும்பி வந்து பார்த்தேன். டேட்டா கோப்பு குண்டாக, பழைய அளவிலேயே இருந்தது. ஃப்ளாப்பியில் நகல் எடுத்தேன், சாந்தியின் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பொய்ப் பெயரை நீக்கினேன். எல்லாம் காலையில் இருந்த நிலைக்கு வந்தது, கடிகாரத்தைத் தவிர. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மறுபடியும் நாலாவது சிடியைக் கையில் எடுத்தேன்.

சாந்தி நாலாவது நோட்டில் இருந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தவள், "ஏனுங்கக்கா, நீங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

"பாத்தா தெரியலையா? ஒவ்வொரு பேக்கேஜாப் பிரிச்சு அந்த ஃபைல் இருக்கான்னு பாக்கறேன்."

"நானும் அதையேதானுங்க பண்றேன். என்ற நோட்டு ஊட்டு வரிசையில இருக்குது, அதனால சாவறேன். வெத வரிசையில இருந்தா எதுக்கு இந்தக் கம்ப்யூட்டருன்னேன்? உங்க சிடியச் செஞ்சவங்களும் என்னாட்டமே பொட்டலத்து வரிசையில மட்டும் எழுதிப்போட்டுட்டுச் சும்மா இருந்துட்டாங்களா? இத்தன படிச்சவங்க, எந்த ஃபைலு எதுக்குள்ளாரன்னு ஒரு லிஸ்ட்டுப் போட்டிருக்க மாட்டாங்களா?"

எனக்குச் சுரீரென்றது. முதல் சிடியில், மற்றக் கோப்புகளுக்கு நடுவில், பெரிதாக ஒரு சுருக்கப்பட்ட கோப்பு கிடக்கும். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் திறந்தும் பார்த்திருக்கிறேன். வரி வரியாக ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஓடின, என்ன குப்பையோ என்று மூடிவிட்டேன். அது குப்பையில்லை. ஏழு சிடியிலும் உள்ள ஒவ்வொரு கோப்பும், அது எந்த பேக்கேஜுக்குள் இருக்கிறது என்ற விவரமும் அதில் இருந்தன. இரண்டு வருடமாக அந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

முதல் சிடியைப் போட்டேன். அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து, அந்தப் பட்டியலில் மட்டும் தேடச் சொன்னேன். மெஷின் பழசு, கொஞ்சம் முக்கியது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

நான் போன மாதம் தூக்கியெறிந்த அதே பேக்கேஜ்தான். அதன் பெயரில் 'டிபி' என்ற எழுத்தே கிடையாது. ஐந்தாவது சிடியில் இருந்தது. காலையிலிருந்து ஐந்தாவதை நான் கையாலும் தொடவில்லை.

"என்னக்கா சிரிக்கறீங்க?" என்றாள் சாந்தி.

"இதை நான்தான் சாந்தி போன மாசம் எடுத்தெறிஞ்சேன்" என்றேன். மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் ஒரு வருட உழைப்பு பூஜ்யமாகத் தெரிந்தபோதுகூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளிடம் பூசி மெழுக மனசு வரவில்லை. அவள் என்னை முறைத்தாள். "அன்னிக்குப் பலாச்சொளைய வேற தின்னுபோட்டுப் போனீங்களே" என்றாள். அதோடு சரி.

பேக்கேஜைப் போட்டேன். புரோகிராம் திறந்தது. பதிவுகள் அத்தனையும் வந்து நின்றன. சாந்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கட்டவெட்டி என்று ஒற்றை விரலால் தட்டினாள். அந்தப் புரோகிராமில் எல்லாமே ஆங்கில எழுத்துதான். தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். சடையன் எங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

இரண்டு வரி வந்தது. சாந்தி முதல் வரியைப் படித்தாள். "சடையன், குண்டனி நாடு."

"அட, நம்ம பேரு!" என்று அவர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். முளைத்துப்போன விதைதான் அது என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.

"ரெண்டாவது, பொன்னன். அதுவும் குண்டனி நாடுதானுங்க" என்றாள் சாந்தி.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் துண்டைக் கழற்றினார், மறுபடியும் கட்டினார். "வேற ஊடு இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க. மலை பூரா இந்த ரெண்டு ஊடுதான்."

"நல்லாப் பாரு சாமி. அரியூர் நாட்டுப் பக்கம் ஏதாச்சும்..."

சாந்தி மறுபடியும் தட்டினாள். அதே இரண்டு வரி. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "பொன்னன்னா யாருங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அவர் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க அண்ணனுங்க. நம்ம காட்டுக்கு அடுத்த காடு."

எல்லையில் நின்ற ஒரு பலா மரத்துக்காக இரண்டு பேருக்கும் தகராறு வந்து, பேச்சு நின்று ஆறு வருடமாம். வீடு கூப்பிடு தூரம். அப்பா காலத்து விதை, இரண்டு பேரும் பிரித்துக்கொண்டது.

"அப்ப அங்க இருக்குதுன்னு உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?" என்று நான் கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஏறியிருக்கும். ஏழு சிடியோடு ஒரு பகல் முழுக்க மாரடித்தவள் நான்.

"தெரியுமுங்க அம்மிணி" என்றார். "வேற எங்கியாச்சும் இருந்தறாதான்னுதானுங்க வந்தேன்."

சாந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. பிரிண்டரைக் கைகாட்டி, "இத ஒரு தாள்ல போட்டுக் குடுங்க" என்றார்.

"எதுக்குங்க? ஊடு உங்களுக்கே தெரியுமே" என்றாள் சாந்தி.

"தாளக் காட்டுனாப் போதுமில்லீங்க? நாங் கேட்டாப்பல இருக்காது. மிசினு கேட்டாப்பல இருக்கும்."

பிரிண்டர் கரகரத்தது. இரண்டு வரி, ஆங்கில எழுத்தில். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் விறுவிறுவென்று நடந்து போனார். கோப்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அதுவரை நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் போவதைப் பார்த்தபோது, இந்த மனிதருக்கு மீதிப் பாதிதான் பெரிது என்று தோன்றியது. மாடு காலையில் வந்துவிடுமே, இவர் அந்த வாசலுக்குப் போவாரா, பாதி வழியில் திரும்பிவிடுவாரா என்று கீழே இறங்கும் பஸ்ஸில் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அந்தப் புரோகிராமையும் ஒரு முறையான பேக்கேஜாகக் கட்டி வைப்பதற்காக மறுபடியும் செம்மேட்டுக்குப் போனேன். சந்தை நாள். மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் சடையன் என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டி ஓடி வந்தார்.

"வெதச்சாச்சுங்க அம்மிணி!" என்றார். "மாடு வாரதுக்கு முன்னயே வெத ஊடு வந்து சேந்துருச்சு."

"தாளைக் காட்டினீங்களா?"

"காட்டுனனுங்க. ஒண்ணும் பேசாம நீட்டுனேன். அண்ணன் வாங்கி விரிச்சு, முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தாருங்க. அவருக்கு இங்கிலீசு எங்க தெரியும்? 'என்றா எழுதியிருக்குது இதுல, நீயே படி'ன்னு எங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"உங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"எனக்கெங்கீங்க தெரியும்!" என்றார் சடையன். "ஆனாப் படிச்சனுங்க. 'அண்ணா, வெத வேணும்'னு போட்டிருக்குதுன்னேன்."